வொண்டர் வுமன் 1984: பெயரில்லாத அந்த மனிதரைப் பற்றி யாரும் கேட்கவில்லையே

முகப்புத்திண்ணை (கானாடுகாத்தான்)

பழைய படத்தை இப்போது எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்கலாம். போன வாரம் விடுமுறையில் மகளோடு உட்கார்ந்து வொண்டர் வுமன் படங்கள் இரண்டையும் தமிழில் அடுத்தடுத்த நாளில் பார்த்தேன். இரண்டாவது முடிந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017-இல் வந்த முதல் படத்துக்கு எங்கள் வீட்டில் தனி இடம் உண்டு. மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது டிவியில் போட்டார்கள். முதல் உலகப்போர். இரண்டு பக்கமும் பதுங்குகுழி, நடுவில் யாரும் கால் வைக்க முடியாத வெட்டவெளி. கிட்டத்தட்ட ஒரு வருஷமாக இந்தப் படை ஓர் அங்குலம்கூட முன்னேறவில்லை, நாம் வந்த வேலை இது இல்லை என்று, விமானியும் வொண்டர் வுமன் டயானாவின் காதலனுமான ஸ்டீவ் தடுக்கிறான். டயானா கேட்கவில்லை. மேலங்கியைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறுகிறாள். முதல் குண்டைக் கைக்காப்பால் தட்டுகிறாள். அப்புறம் எல்லாத் துப்பாக்கியும் அவளை நோக்கியே திரும்புகிறது. கேடயத்துக்குப் பின்னால் குனிந்து தாங்குகிறாள். அவள் தாங்குகிற அந்த நேரத்தில்தான் மற்றவர்கள் ஓடிக் கடக்கிறார்கள்.

என் மகள் எழுந்து அடுப்படிக்கு ஓடி, எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வந்து, வளவு (வீட்டு உள்முற்றம்) நடுவில் ஒரு முழங்காலை ஊன்றி அதன் பின்னால் குனிந்துகொண்டாள். தாம்பாளத்தின் விளிம்பு உரசிய கீறல் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது படத்துக்கு நாங்கள் எவ்வளவு காத்திருந்தோம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். 2020 டிசம்பரில் முகக்கவசம் போட்டுக்கொண்டு, மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். திரும்பி வரும்போது இரண்டு பேருமே பேசவில்லை. குழந்தை தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். திருப்பத்தூர் தாண்டும்போது கேட்டாள்: "ஆத்தா, அந்த மாமா ஆபீசுக்குப் போகலையா? அவங்க வீட்டுல தேட மாட்டாங்களா?"

படம் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீவ் இறந்தது 1918. கதை நடப்பது 1984. 66 வருஷம் டயானா தனியாக இருக்கிறாள். ஹோட்டலில் ஒற்றை ஆளாகச் சாப்பிடுகிறாள், வானத்தில் விமானம் போனால் நிமிர்ந்து பார்க்கிறாள். நினைத்ததைக் கொடுக்கும் ஒரு கல் கைக்கு வருகிறது. தெரியாமலே ஆசைப்பட்டுவிடுகிறாள். ஸ்டீவ் வந்துவிடுகிறான், ஆனால் தன் உடம்போடு வரவில்லை. அந்த ஊரில் இருக்கிற யாரோ ஒருவரின் உடம்பில் வருகிறான். அவர் வீட்டிலேயே தங்குகிறார்கள், அவர் துணிமணியைப் போட்டுக்கொள்கிறார்கள், அவர் கட்டிலிலேயே படுக்கிறார்கள். அந்த மனிதர் என்ன ஆனார், திரும்ப வருவாரா என்று இரண்டு பேரில் ஒருவர்கூட உட்கார்ந்து பேசவில்லை. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலிலும் அவர் வெறும் "ஹேண்ட்சம் மேன்". அவருக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

முன்பின் தெரியாத கிராமத்து மக்களுக்காகக் குண்டு மழைக்குள் இறங்கியவள் இவள். யாரோ ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இருப்பாளா? முதல் படம் எனக்குக் கொடுத்த வாக்கு இந்த இடத்தில்தான் உடைந்தது. மற்றக் குறையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பிரிவும் காத்திருப்பும் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. எங்கள் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனவர். போனால் மூன்று வருஷக் கணக்கு. அப்பத்தாதான் வீட்டைப் பார்த்தார். நெல் கணக்கு, பால் கணக்கு, நல்லது கெட்டது எல்லாம். ஐயா திரும்பி வந்த முதல் நாள், தன் வீட்டு வளவிலேயே எந்தத் தூண் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நின்றாராம். அப்பத்தா கடைசிவரை சொல்வார்: "வந்தவுகளும் பழைய ஆள் இல்ல, இருந்தவளும் பழைய ஆள் இல்ல." 66 வருஷம் கழித்து வருகிறவனுக்கும் இருந்தவளுக்கும் நடுவில் எவ்வளவு பேச்சு இருக்கும்! படத்தில் ஸ்டீவ் எஸ்கலேட்டரைப் பார்த்துத் தடுமாறுகிறான், குப்பைத்தொட்டியைக் கலைப்பொருள் என்று நினைத்து நிற்கிறான். கிறிஸ் பைன் நன்றாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் டயானா எப்படி மாறினாள் என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

உங்களுக்கு எப்படி இருந்தது, சொல்லுங்கள்.

கல்லுக்கட்டி (காரைக்குடி)

ஆச்சி, நான் இதில் உங்களோடு சேர மாட்டேன்.

இது வரம் கேட்கிற கதை. வரம் என்றால் அதற்குள் ஒரு கேடு ஒளிந்திருக்கும். கல் ஒன்றைக் கொடுத்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளும். டயானாவுக்கு ஸ்டீவைக் கொடுத்தது, பலத்தை எடுத்துக்கொண்டது. அவள் செய்தது தப்பு என்பதுதானே கதையே? தப்பு செய்யாத நாயகியை வைத்துக்கொண்டு என்ன கதை சொல்ல முடியும்?

அந்தப் பிரிவுக் காட்சியை நினைத்துப் பாருங்கள். தெருவெல்லாம் கலவரம். ஸ்டீவ் தூண் ஓரமாக நிற்கிறான். போய்வா என்று அவன்தான் சொல்கிறான். அவள் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள். நடந்துகொண்டே வரத்தைத் துறக்கிறாள். காயம் ஆறுகிறது, நடை ஓட்டமாகிறது, ஓட்டம் பறத்தலாகிறது. காற்றைப் பற்றி அவன் சொல்லிக்கொடுத்தது காதில் ஒலிக்க மேகத்துக்குள் போகிறாள். நான் அழுதேன். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் அழுகை வருகிறது.

அப்புறம் பெட்ரோ பாஸ்கலை விட்டுவிட்டீர்களே. அவர் நடித்த மேக்ஸ் லார்டு வில்லன்தான், ஆனால் கடைசியில் மகனைத் தேடி ஓடுகிறான் பாருங்கள். வில்லனை அடித்துக் கொல்லாமல், அவன் மகனைக் காட்டியே திருத்துகிற சூப்பர்ஹீரோ படம் எத்தனை இருக்கிறது?

அந்த டிசம்பரையும் மறக்கக்கூடாது. நம் மாநிலத்தில் தியேட்டர் திறந்ததே நவம்பர் 10-இல், அதுவும் பாதி இருக்கைதான். எட்டு மாதம் வீட்டுக்குள் கிடந்த பிறகு அந்தப் படம் பெரிய ஆறுதல்.

ஆத்தங்குடிக்கல் (ஆத்தங்குடி)

ஆச்சி, முதலில் கீறலுக்கு மருந்து. தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு வாரம் ஒரு தடவை துடைத்து வாருங்கள். மேலோட்டமான கீறல் என்றால் மங்கிவிடும். மங்க வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், அதுவும் சரிதான்.

நான் கல் போடுகிற வேலை செய்கிறவன். படம் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் ஒன்று சொல்கிறேன். கல்லுக்கு முதலில் கண்ணாடியைச் சட்டத்துக்குள் வைப்போம். அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் கையால் ஊற்றுவோம். அச்சைத் தூக்கியதும் மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கு மேல் கலவை போட்டு அடைப்போம். அப்புறம் தண்ணீரில் ஊற வேண்டும், பிறகு காய வேண்டும். கண்ணாடியை எடுத்தால் அதன் பளபளப்பு கல்லுக்கு வந்திருக்கும். இதில் எந்த நாளையும் குறைக்க முடியாது. அவசரப்பட்டு எடுத்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நாலு மாதத்தில் பெயரும்.

அந்தத் தங்கக் கவசம் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அஸ்டீரியா என்ற வீராங்கனையின் கவசம். டயானாவின் இனமான அமேசான் பெண்கள் எல்லோரும் தங்கள் கவசங்களைக் கொடுத்து, அதையெல்லாம் சேர்த்து ஒன்றாகச் செய்தது. அதைப் போட்டுக்கொண்டு அவள் ஒருத்தியே நின்று தாங்க, மற்றவர்கள் தப்பித்தார்கள். இவ்வளவு பெரிய கதையை டயானா ஸ்டீவிடம் சொல்கிறாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் அதைப் போட்டுக்கொண்டு வருகிறாள், சிறுத்தைப் பெண்ணாக மாறிய பார்பரா, அதாவது சீட்டா, நாலு பிடி பிடித்ததும் இறக்கை கிழிந்து போகிறது. அதுவும் ராத்திரி இருட்டில், யார் கை எங்கே இருக்கிறது என்றே தெரியாத சண்டை. எத்தனை பெண்கள் கழற்றிக் கொடுத்த இரும்பு அது! அதன் மதிப்பை அந்தச் சண்டை காப்பாற்றவில்லை.

விமானமும் அப்படித்தான். 1918-இல் விமானம் ஓட்டியவன் 1984-இல் அருங்காட்சியகத்து ஜெட்டில் ஏறி அப்படியே கிளப்புகிறான். ரேடாரில் தெரியும் என்றதும் டயானா கையை வைத்து அதை மறையச் செய்கிறாள். அந்த வித்தையைப் பற்றி அதற்கு முன் ஒரு பேச்சு இல்லை, அப்புறமும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத விமானம் அந்தக் காமிக்ஸில் 1942-இலிருந்தே இருக்கிறது என்று என் மகன் சொன்னான். இருக்கட்டும். படத்தில் அதற்கு ஓர் ஊறல் நேரம் கொடுத்திருக்க வேண்டாமா?

தேவகோட்டை_தமிழாசிரியர் (தேவகோட்டை)

மகளே, உங்கள் குழந்தை கேட்ட கேள்வியைப் படித்ததும் எனக்குத் திருமூலர்தான் நினைவுக்கு வந்தார்.

சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்வது. சாத்தனூரில் மாடு மேய்க்கும் மூலன் மேய்ச்சல் காட்டில் இறந்துபோகிறான். பசுக்கள் அவன் உடம்பைச் சுற்றி நின்று கதறுகின்றன. அந்த வழியே வந்த சிவயோகியார் அவற்றின் துயர் தாங்காமல் தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் புகுகிறார். மாலையில் பசுக்கள் வீடு திரும்புகின்றன. மூலனின் மனைவி தேடி வருகிறாள். கணவன்தானே என்று தொட வருகிறாள். அவர் தடுத்துவிடுகிறார். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லிவிட்டு, பொதுமடத்தில் போய் யோகத்தில் அமர்ந்துவிடுகிறார்.

கூடுவிட்டுக் கூடு பாய்வதைக் கதையில் வைத்தால் அடுத்த கேள்வி உடனே வரும் என்று சேக்கிழாருக்குத் தெரிந்திருக்கிறது: அந்த உடம்புக்கு உரியவர்கள் என்ன ஆவார்கள்? அதனால்தான் அந்த மனைவியை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்துகிறார். இத்தனைக்கும் மூலன் ஏற்கெனவே இறந்தவன். படத்தில் வருகிற மனிதர் உயிரோடு இருக்கிறவர்.

கல்லுக்கட்டி தம்பி சொல்வதும் நியாயம்தான், நாயகி தவறலாம். மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிலம்பின் தொடர்ச்சிதானே அது? தன்னை விரும்பித் தொடரும் இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்பிக்க மணிமேகலை காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் காயசண்டிகைக்குக் காஞ்சனன் என்று ஒரு கணவன் இருக்கிறான். பல வருஷம் கழித்து மனைவியைத் தேடி வந்தவன், அவள் வேறொருவனிடம் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்து உதயகுமாரனை வெட்டிவிடுகிறான். இன்னொருத்தியின் உருவத்தை எடுத்ததற்கு ஓர் உயிர் போகிறது. மணிமேகலை அழுகிறாள், சிறைக்கும் போகிறாள். சாத்தனார் அதை மூடி மறைக்கவில்லை.

அதே காப்பியத்தில் மந்திரப் பொருளும் உண்டு, அமுதசுரபி. அள்ள அள்ளக் குறையாதது. ஆனால் அதில் முதல் பிச்சை ஆதிரை இட வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. அதன் பிறகுதான் அது ஊர்ப் பசியைத் தீர்க்கிறது. தாயின் கதை முடிந்த இடத்தில் மகள் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டாள்: பசித்தவர்களுக்கு என்ன செய்வது? அப்படி ஒரு புதுக் கேள்வி இந்தப் படத்துக்கு இல்லாமல் போனதுதான் என் வருத்தம். போனவனே திரும்ப வந்தான், திரும்பப் போனான்.

ரஸ்தாக்காரன் (காரைக்குடி)

ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். தமிழ் டப்பிங்கைக் குறை சொல்லி யாராவது எழுதுவதற்கு முன். ஏவி.எம். ஸ்டூடியோ தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த ஊர் இது. மெய்யப்பச் செட்டியார் கன்னட அரிச்சந்திராவைத் தமிழில் பேச வைத்து 1944-இல் வெளியிட்டார். குரல் மாற்றும் வேலை எவ்வளவு கஷ்டம் என்று நம் ஊருக்குத் தெரியும். இந்தப் படத்தில் குறை கதையில்தான், குரல் கொடுத்தவர்களிடம் இல்லை.

செக்காலை_ரோடு (காரைக்குடி)

கதை ஏன் இப்படி ஆனது என்று யோசித்தால், எழுதியவர்கள் மாறியிருக்கிறார்கள். முதல் படத்தின் திரைக்கதை ஆலன் ஹைன்பெர்க். இரண்டாவதை இயக்குநர் பேட்டி ஜென்கின்ஸே ஜெஃப் ஜான்ஸ், டேவ் கலஹாம் இருவரோடும் சேர்ந்து எழுதினார். இயக்குநர் அவரேதான், நாயகி கேல் கடோட்தான். ஆனாலும் அந்தப் பழைய இறுக்கம் வரவில்லை.

எனக்குப் பெரிய உறுத்தல் வேறு. 2016-இல் வந்த பேட்மேன் வி சூப்பர்மேனில், நூறு வருஷத்துக்கு முன்பே மனிதர்களை விட்டு விலகிவிட்டதாக டயானா சொல்கிறாள். இந்தப் படத்தின் தொடக்கத்தில் கடைவளாகச் சண்டையில் தன்னை யாரும் படம் பிடிக்கக்கூடாது என்று கேமராக்களை உடைக்கிறாள். அதே படத்தின் முடிவில் உலகத்தில் இருக்கிற எல்லோரிடமும் பேசுகிறாள்! அப்புறம் எப்படி அவளை யாருக்கும் தெரியாமல் போனது?

பணக் கணக்கும் கையோடு சொல்லிவிடுகிறேன். முதல் படம் உலகம் முழுக்க 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இரண்டாவது 17 கோடி டாலரை ஒட்டி நின்றது, செலவோ 20 கோடி. பெருந்தொற்றுக் காலம், அமெரிக்காவில் தியேட்டரில் வந்த அன்றே வீட்டுத் திரையிலும் விட்டார்கள். அதனால் வசூலை வைத்துப் படத்தை எடைபோட மாட்டேன். மூன்றாவது படத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று 2022 டிசம்பரில் செய்தி வந்தபோதுதான் நிஜமாகவே வலித்தது. சரிசெய்ய இன்னொரு வாய்ப்பு கிடைக்கும் என்று நம்பியிருந்தேன்.

இன்னொரு இழப்பு, டயானாவோடு வேலை பார்க்கிற பார்பரா. டயானாவும் பார்பராவும் ஹோட்டலில் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிற அந்தக் காட்சியில் 66 வருஷத் தனிமை கொஞ்சம் கரைகிறது. பார்பரா ராத்திரியில் தெருவோரம் இருக்கிற ஒருவருக்குச் சாப்பாடு கொடுக்கிறாள். பலம் வந்த பிறகு அந்தப் பரிவே அவளிடம் இல்லாமல் போகிறது. அவ்வளவு அழகாகத் தொடங்கிய பெண்ணைக் கடைசியில் மயிரும் நகமுமாக இருட்டில் சண்டை போட விட்டுவிட்டார்கள். வரத்தைத் துறந்தாளா இல்லையா என்றுகூடத் தெளிவாகச் சொல்லவில்லை. இந்த இரண்டு பெண்களின் நட்பே ஒரு முழுப் படத்துக்குப் போதும்.

கல்லுக்கட்டி (காரைக்குடி)

பார்பரா விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன திருமூலர் கதைக்கும் என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் முதல் படத்தை ஒரேயடியாக மேலே தூக்க வேண்டாம். அதன் கடைசி அரைமணி நேரமும் போர்க் கடவுள் ஏரிஸோடு நெருப்பும் புகையுமான கணினிச் சண்டைதான். இரண்டாவது படம் அதை விட்டுவிட்டு, பிடிபட்டவரை உண்மை பேச வைக்கும் உண்மைக் கயிற்றை வைத்து உலகத்தோடு பேசி முடிக்கிறது. அந்தத் துணிச்சலுக்கு ஒரு மரியாதை கொடுக்க வேண்டும்.

முகப்புத்திண்ணை (கானாடுகாத்தான்)

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். மூலனின் மனைவிக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கிறாள். ஐயா, முடிந்தால் எழுதுங்கள்.

கல்லுக்கட்டி தம்பி, பிரிவுக் காட்சியில் நானும் அழுதேன். பொய் சொல்ல மாட்டேன். உண்மைக் கயிறு பற்றி நீங்கள் சொன்னதும் சரி. அந்தக் கயிற்றைப் படைத்த மார்ஸ்டன், பொய்யைக் கண்டுபிடிக்க ரத்த அழுத்தச் சோதனையை உருவாக்கிய உளவியல்காரர். உண்மை என்பது இந்தப் பெண்ணின் பிறப்பிலேயே இருக்கிறது. படமும் அப்படித்தான் தொடங்குகிறது. சின்னப் பெண் டயானா பந்தயத்தில் குறுக்கு வழியில் வந்து எல்லோருக்கும் முன்னால் நிற்கிறாள். வெற்றிக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சித்தி ஆன்டியோப் வந்து அவளைப் பிடித்து நிறுத்துகிறாள். குழந்தை அழுகிறாள். பொய்யால் ஜெயித்தது ஜெயம் ஆகாது என்கிறாள் சித்தி. இரண்டு படத்தையும் சேர்த்தால்கூட அதுபோல ஒரு தொடக்கம் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம். அவ்வளவு சரியாகத் தொடங்கிவிட்டு, கடைசிக் காட்சியில் என்ன செய்தார்கள் என்று நேற்று ராத்திரி மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

பனி பெய்கிற கடைத்தெரு. அந்தப் பெயரில்லாத மனிதர் எதிரே வருகிறார். இப்போது அவருக்கு அவருடைய உடம்பு திரும்பக் கிடைத்துவிட்டது. ஸ்டீவ் போட்டுப் பார்த்த அதே உடுப்பைப் போட்டிருக்கிறார். நடுவில் சில நாள் தன் வாழ்க்கையில் இல்லாமலே போயிற்று என்று அவருக்குத் தெரியாது. இரண்டு வார்த்தை பேசுகிறார். உடுப்பு நன்றாக இருக்கிறது என்று டயானா சொல்லிச் சிரிக்கிறாள். அவர் போய்விடுகிறார். உண்மைக் கயிறு அவளிடம்தான் இருக்கிறது. அவரிடம் அவள் எதையும் சொல்லவில்லை.

ஆத்தங்குடிக்கல் (ஆத்தங்குடி)

அந்தக் காட்சியை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன் ஆச்சி. அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்க்கத் தோன்றுகிறது. இன்று வேலை முடிந்ததும் மகனோடு உட்கார்ந்து மறுபடி போடுகிறேன்.

தேவகோட்டை_தமிழாசிரியர் (தேவகோட்டை)

குழந்தைக்குப் பதில்: அந்த அம்மையார் அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் போய்ச் சொன்னாள். அவர்கள் வந்து பார்த்து, அவர் இனி இல்லறத்துக்குத் திரும்ப மாட்டார் என்று அவளுக்கு எடுத்துச் சொல்லித் தேற்றி அனுப்பினார்கள். அவளிடம் உண்மையைச் சொன்னார்கள் என்பதை மட்டும் மகளிடம் சொல்லுங்கள்.